பூஞ்சையில் மாவுச்சத்து: பழைய ஆய்வுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூஞ்சை மாவுச்சத்தைச் சேமிக்காது, கிளைக்கோஜன் என்ற வேறொரு சேமிப்புப் பொருளைத்தான் சேமிக்கும் என்று பாடத்தில் படித்திருப்போம். பொதுவாக அது சரிதான். அதற்காக, அயோடின் விட்டுப் பார்த்து, பூஞ்சையில் நீல நிறத்தைக் கண்டதாக எழுதிய பழைய ஆய்வாளர்கள் எல்லாரும் ஏமாந்துபோனவர்கள் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

மாவுச்சத்தில் அயோடின் பட்டால் நீலமாகும் என்பது 1814-லேயே பிரான்சில் பதிவாகிவிட்டது. அதனால் நீலம் தெரிந்ததும் 'மாவுச்சத்து' என்று எழுதிவிடும் பழக்கம் வந்தது. இதுதான் பெரிய தவறு. ருசுலா காளானின் ஸ்போர்கள் (விதை போன்ற நுண்துகள்கள்) அயோடின் கலந்த மெல்சர் கரைசலில் கருநீலமாகும். நிறமேறுவது ஸ்போரின் மேலுள்ள முட்களும் வரிகளும்தான். அங்கே மாவுச்சத்து மணி எதுவும் கிடையாது. காளானை அடையாளம் காண அந்த நீலம் போதும், பொருள் என்னவென்று சொல்லப் போதாது.

அயோடின் விட்டதும் நீலத்துக்குப் பதில் செம்பழுப்பு வந்தால் 'ஒன்றுமில்லை' என்று விடுவதும் தவறே. 1882-இல் பிரசெல்ஸில் தாவரவியலாளர் லெயோ எரேரா, அஸ்கோமைசீட் பூஞ்சைகளின் ஸ்போர்ப் பைகளில் தெரிந்த அந்தப் பழுப்பைத் துருவிப் பார்த்துத்தான் அது கிளைக்கோஜன் என்றார். பிரெஞ்சு உடலியங்கியலாளர் குளோட் பெர்னார்ட் ஈரலில் கண்ட அதே பொருள்! சூடாக்கினால் நிறம் மறையும், ஆறினால் திரும்பும். மாவுச்சத்தின் நீலமும் அப்படித்தான் போய் வரும் என்பதால், சூட்டுச் சோதனையை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. நிறத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

லைக்கன் பற்றிய பழைய குறிப்புகளில் கூடுதல் கவனம் தேவை. லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்த கூட்டு என்று தாவரவியலாளர் ஸ்வெண்டனர் சொன்னது 1860-களின் இறுதியில். பச்சைப்பாசிக்குச் சொந்தமாகவே மாவுச்சத்து உண்டு. ஆகவே நீலம் எந்தப் பங்காளியுடையது என்று கேட்காமல் நகரக் கூடாது.

செல்லுக்குள் மட்டும் தேடுவதும் சரியல்ல. கிரிப்டோகாக்கஸ் போன்ற உறையுள்ள ஈஸ்ட்கள் மாவுச்சத்து போன்ற பொருளைச் செல்லுக்கு வெளியே விடுவதை 1945-இல் ஆஷ்னரும் குழுவினரும் வெளியிட்டார்கள். அதுவும் அமிலத்தன்மையுள்ள வளர்ப்பு ஊடகத்தில்தான் நன்றாகத் தெரியும்.

நீங்களே சோதித்துப் பார்ப்பதானால், சோளத்தில் வளர்த்த காளான் வித்தை (காளான் பயிரிட விதையாகப் பயன்படும் பூஞ்சை இழை) தொடாதீர்கள். தானியத்தின் மாவே நீலம் காட்டிவிடும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் போட்ட மாதிரியை நன்றாகக் கழுவாமல் அயோடின் விட்டாலும் வீண்தான். காரம் அயோடினின் நிறத்தையே போக்கிவிடும்.