மருத்துவக் கருவி உருவாக்கத்தில் இறங்க விரும்பும் மருத்துவருக்கு

மருத்துவம் முடித்துவிட்டுக் கருவி உருவாக்கத்தில் இறங்க விரும்புவோர் முதலில் கேட்பது, இன்னொரு பட்டம் வேண்டுமா என்பதுதான். அதற்கு முன், ஒரு மாதமாவது வார்டில் குறிப்பேட்டோடு நில்லுங்கள். “மலிவான டிரிப் கருவி வேண்டும்” என்று எழுதினால், தேவையை எழுதுவதற்குள் விடையை முடிவுசெய்துவிட்டீர்கள் என்று பொருள். “இரவில் ஒரே செவிலியர் இருபது பேரைக் கவனிக்கும் வார்டில், டிரிப் தீர்ந்தது தெரியாமல் போய்க் குழாயில் ரத்தம் ஏறி உறைகிறது” என்று எழுதுங்கள். அதற்கு விடை கருவியாகவே இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

படிப்பைப் பொறுத்தவரை, எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்குக் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் மருத்துவத்தையும் தொழில்நுட்பத்தையும் சேர்த்துப் படிக்கும் மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு உண்டு. பொறியாளர்களுக்கு, சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் சி.எம்.சி.யும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். உண்டு.

இரு துறையிலும் ஒருவரே கரைகண்டிருக்க வேண்டியதில்லை; மற்றவர் பேசுவது புரிந்தால் போதும். ஸ்ரீ சித்திராவில் இதய அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான் முன்னின்று உருவாக்கிய செயற்கை வால்வே இதற்குச் சான்று. நிமிடத்துக்கு எழுபது துடிப்பு என்றால், வால்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 கோடி முறை திறந்து மூட வேண்டும். முதல் மாதிரியில், திறந்து மூடும் தட்டைத் தாங்கும் பற்றவைத்த கம்பி முறிந்தது. இரண்டாவதில் நீலக்கல் தட்டு டைட்டானியக் கம்பியைத் தேய்த்துவிட்டது. கம்பியைக் கோபால்ட் கலப்பு உலோகத்துக்கு மாற்றியதும் தேய்மானம் அடங்கியது. ஆனால் விலங்குச் சோதனையில் நீலக்கல் தட்டே உடைந்தது. நான்காவது மாதிரியில் தட்டைப் பாலிஎத்திலீனால் செய்தார்கள். 1990 டிசம்பர் 6 அன்று அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. கம்பி ஏன் தேய்ந்தது என்பதற்கு விடை அறுவை அரங்கில் கிடைக்காது, அதை ஜி. எஸ். புவனேஸ்வர் போன்ற பொறியாளர்கள்தான் கண்டாக வேண்டியிருந்தது. ஆகவே, உங்கள் மாதிரி உடைந்தால், அடுத்ததை வரைவதற்கு முன் உடைந்த துண்டைப் பொறியாளரோடு உட்கார்ந்து நுண்ணோக்கியில் பாருங்கள்.

மாநாட்டில் பேசுவதற்கு முன்பே தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். முழு விண்ணப்பத்துக்குப் பன்னிரண்டு மாதம் கிடைக்கும். சிகிச்சை முறைக்கு இந்தியச் சட்டத்தில் காப்புரிமை இல்லை, கருவிக்கு உண்டு. 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் கருவிகளை ஆபத்தின் அளவைக் கொண்டு ஏ முதல் டி வரை நான்காகப் பிரிக்கின்றன. இதய வால்வு டி பிரிவைச் சேர்ந்தது. உங்கள் கருவி எந்தப் பிரிவு என்பதை முதல் வரைபடம் போடும் நாளிலேயே பார்த்துவிட்டால், பின்னால் சோதனைகளைத் திரும்பச் செய்யும் வீண்செலவு குறையும்.

தலைமைப் பொறுப்பு பெரும்பாலும் பிறகு வருவது. வலியத்தான் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஸ்ரீ சித்திராவின் இயக்குநராக இருந்தபின் மணிப்பால் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். மூன்று மாதிரிகள் தோற்றபின்னும் நான்காவதற்குப் பணமும் ஆளும் கிடைத்ததற்கு, மருத்துவமனையும் தொழில்நுட்பப் பிரிவும் ஒரே நிர்வாகத்தின்கீழ் இருந்தது பெரிய காரணம் என்பது என் கணிப்பு. நீங்கள் துறைத்தலைவரானால், பதவி உயர்வில் ஆய்வுக்கட்டுரைகளை மட்டும் எண்ணாமல் சோதனைப் பதிவேடுகளையும் கணக்கில் எடுங்கள். இல்லையென்றால் நல்ல பொறியாளர் இரண்டாம் மாதிரியோடு விலகிவிடுவார். உங்கள் சொந்தக் கருவியை நோயாளியிடம் சோதிக்கும் நிலை வந்தால், ராயல்டி வருவதை நெறிமுறைக் குழுவுக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, சம்மதம் பெறும் வேலையையும் முடிவுகளை மதிப்பிடும் வேலையையும் வேறு மருத்துவரிடம் ஒப்படையுங்கள்.