நாட்டு மாட்டு மரபணு ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு வேலூரில் உயிரித் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகளுக்கு நாட்டு மாட்டின் மேல் ஆசை வந்துவிட்டது. நல்ல விஷயம். ஆய்வேடு சமர்ப்பிக்கப் பத்து நாள் இருக்கும்போது, "சார், ஒருதடவை பாத்துக் குடுங்க" என்று என்னிடம் வருகிறார்கள். நான் கால்நடை மருத்துவன், மரபியலில் மேற்படிப்பு முடித்தவன். வருகிற ஆள் மாறினாலும் தவறு மாறுவதில்லை. எங்கள் காலத்தில் நாங்கள் விழுந்த குழிகளும் இவையேதான்.

குழாயில் பெயர் எழுது, ஐஸ் பெட்டி கொண்டு போ என்பதையெல்லாம் உங்கள் ஆய்வகத்திலேயே சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

பச்சை மூடிக் குழாய்

டி.என்.ஏ. எடுக்கிற ரத்தத்துக்கு ஊதா மூடிக் குழாய்தான். பச்சை மூடியில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் இருக்கும், அது டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்குகிற பி.சி.ஆரைக் கெடுக்கும். குரோமோசோம் பார்ப்பதானால் மட்டும் பச்சை.

சந்தையில் ரத்தம் எடுப்பது

செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்குப் போனால் ஒரே காலையில் வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். முடியும்தான். ஆனால் பொய்கையில் நிற்பதால் அது பொய்கை மாடு ஆகிவிடாது. சித்தூர், பலமனேர் பக்கத்து மாடும் அங்கே நிற்கும், கர்நாடகத்து மாடும் நிற்கும். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருக்கிற தரகரிடம் போய் "இதன் தாய் எந்த ஊர்?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? அவருக்கே தெரியாது. தெரிந்தாலும், நீங்கள் எந்தப் பதிலை விரும்புகிறீர்களோ அதைச் சொல்லுவார், அது அவர் தொழில். பிறந்த ஊரும் தாயும் தெரியாத மாட்டை வைத்து "வேலூர் வட்டார மாடுகளின் மரபணு வளம்" என்று தலைப்புப் போடாதீர்கள்.

ஒரே கொட்டகை

அக்காள் தங்கைகளை எண்ணிக்கைக்காகச் சேர்ப்பது பழைய தவறு. புதுத் தவறு, ஊர் மாறிவிட்டால் உறவு இல்லை என்று நினைப்பது. ஒரு பொலிகாளையிலிருந்து உறைவிந்துக் குச்சிகள் ஆயிரக்கணக்கில் வரும். அணைக்கட்டில் ஒரு கிடேரியும் குடியாத்தத்தில் ஒரு கிடேரியும் ஒரே தகப்பனுக்குப் பிறந்திருக்கலாம். காதில் போட்டிருக்கும் 12 இலக்க வில்லை எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்ட பதிவு இருந்தால் அதன் வழியாகப் பிடிக்கலாம்.

தாய்வழியை மட்டும் பார்த்துவிட்டு 'சுத்த நாட்டு மாடு' என்று எழுதுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஒரு பையன் வந்தான். கெட்டிக்காரன். ஒடுகத்தூருக்கு அப்பால், ஜவ்வாது மலையடிவாரக் கிராமங்களில் ரத்தம் எடுத்து, மைட்டோகாண்ட்ரியாவில் (உட்கருவுக்கு வெளியே, தனி டி.என்.ஏ. உள்ள செல் உறுப்பு) டி-லூப் என்ற சிறு பகுதியை மட்டும் வரிசைப்படுத்தக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தான். வந்ததை, டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்டில் போட்டுப் பார்த்தால் எல்லாமே போஸ் இண்டிகஸ், அதாவது திமில் உள்ள நம் மாட்டு வகை, 99 சதவீதப் பொருத்தம். "அயல்நாட்டுக் கலப்பு அறவே இல்லை" என்று முடிவுரையும் எழுதிவிட்டான். பின்னிணைப்பில் மாடுகளின் படங்கள் இருந்தன. ஒன்றில் செவலைப் பசு: திமில் இருந்த இடத்தில் லேசான மேடு, அலைதாடி சுருங்கிப்போய், மடி மட்டும் குடம் மாதிரி. எனக்கு அந்தப் படமே போதும். ஆனாலும் அவனே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

மாட்டுக்காரம்மா தொட்டியில் புண்ணாக்குத் தண்ணி கலக்கிக்கொண்டே சொன்னார்: "இது ஊசிக்கன்னு சார். இதோட ஆத்தாளும் ஊசிக்குப் பொறந்ததுதான். அதுக்கு ஆத்தாளத்தான் எங்க மாமனாரு மலைலேருந்து ஓட்டிக்கினு வந்தாரு."

"ரெண்டு தடவையும் என்ன ஊசிம்மா போட்டாங்க?"

"ஜெர்சி ஊசிதான், வேற இன்னா?"

பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தம்மா மூன்று வாக்கியத்தில் சொன்னதை அவனுடைய பல மாத உதவித்தொகை சொல்லவில்லை.

கணக்கு எளிது. மலைப் பசு முழு நாட்டு மாடு. ஜெர்சி ஊசிக்குப் பிறந்த அதன் கன்று பாதி நாட்டு ரத்தம். அதற்கும் ஜெர்சி ஊசி போட்டுப் பிறந்தது கால்பங்கு. இன்னொரு தலைமுறை போனால் அரைக்கால். ஆனால் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. பத்துத் தலைமுறை ஜெர்சி ஊசி போட்டாலும் அந்த மலைப் பசுவின் மைட்டோகாண்ட்ரியா அப்படியே இறங்கிக்கொண்டிருக்கும். நம் இனிஷியல் தகப்பனைச் சொல்லித் தாயைச் சொல்லாமல் விடுகிற மாதிரி, இது தாயைச் சொல்லித் தகப்பனை விட்டுவிடும். மாட்டின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மொத்தமே 16,338 எழுத்து. உட்கருவில் இருப்பது சுமார் 270 கோடி. அந்தத் துளியில் பாதிகூட இல்லாத டி-லூப்பை வைத்துக்கொண்டு மாட்டுக்கே சான்றிதழ் எழுதுவதா?

நம் ஊரில் கலப்பு நடந்த விதமே இந்தப் பரிசோதனையை ஏமாற்றுகிற விதம்தான். இங்கே ஜெர்சிப் பசுவை ஓட்டி வந்தது குறைவு. வந்தது பெரும்பாலும் ஜெர்சி விந்து. அயல் ரத்தம் பெரும்பாலும் தகப்பன் வழியில் நுழைந்திருக்கிறது, நீங்கள் தாய் வழி வாசலில் காவல் நிற்கிறீர்கள்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1994இல் டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த லாஃப்டஸ், மக்ஹ்யூ, பிராட்லி முதலானோர் ஐரோப்பிய, ஆப்பிரிக்க, இந்திய மாடுகளின் மைட்டோகாண்ட்ரியாவை ஒப்பிட்டார்கள். இந்திய மாடுகள் தனிக் கிளை என்றும், திமில் உள்ள மாடும் திமில் இல்லாத மாடும் தனித்தனியாகப் பழக்கப்பட்டவை என்றும் காட்டிய கட்டுரை அது. இதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே கட்டுரையின் இன்னொரு பாதியை யாரும் படிப்பதில்லை: அவர்கள் பார்த்த ஆப்பிரிக்க மாடுகளில் திமில் உள்ளவற்றுக்கும் திமில் இல்லாத மாட்டின் மைட்டோகாண்ட்ரியாதான் இருந்தது. காரணம், அங்கே திமில் காளை வழியாகப் போய்ச் சேர்ந்தது. பிரேசிலைப் பாருங்கள். நம் பக்கத்து ஓங்கோல் மாட்டின் வாரிசுகளை அங்கே நெல்லூர் என்று அழைக்கிறார்கள். பெரிய திமிலோடு நிற்கும் அந்த மாடுகளில் ஏராளமானவை உள்ளூர் ஐரோப்பியப் பசுக்களின் மைட்டோகாண்ட்ரியாவைச் சுமக்கின்றன. உங்கள் முறைப்படி பார்த்தால் அவை வெள்ளைக்கார மாடு!

சரி, தகப்பன் வழியையும் பார்த்துவிட்டால்? காளையாக இருந்தால் ஒய் குரோமோசோமைப் பார்க்கலாம். இரண்டு வகை மாட்டுக்கும் குரோமோசோம் 60தான். ஆனால் நம் மாட்டின் ஒய்யில் மையம் (குரோமோசோமின் இடுங்கிய இணைப்பு, சென்ட்ரோமியர்) நுனியில் இருக்கும், ஜெர்சியின் ஒய்யில் நடுவை ஒட்டி இருக்கும். நுண்ணோக்கியிலேயே தெரியும், வரிசைப்படுத்தச் செலவில்லை. நல்ல சோதனைதான். இதிலும் ஓட்டை உண்டு. மலைப் பசுவுக்கு ஜெர்சி ஊசியில் பிறந்த கிடேரியை நாட்டுக் காளைக்குச் சேர்த்தால் பிறக்கிற காளைக்கன்றுக்கு ஒய்யும் நாடு, மைட்டோகாண்ட்ரியாவும் நாடு, நடுவில் கால்பங்கு ஜெர்சி. எருது விடும் விழாவுக்கு வளர்க்கிற காளைகளில் இப்படி ஒன்று இருந்தால் இரண்டு சோதனையும் சேர்ந்து பொய் சொல்லும். உட்கரு டி.என்.ஏ.வைப் பார்க்காமல் கலப்பைப் பற்றி வாய் திறக்காதீர்கள். மைக்ரோசாட்டிலைட் (டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகள்) என்றால் உலக உணவு வேளாண் நிறுவனம் பரிந்துரைத்த 30 குறிப்பான்கள் இருக்கின்றன. பணம் இருந்தால் எஸ்.என்.பி. சிப், அதாவது ஓரெழுத்து வேறுபாடுகளை ஆயிரக்கணக்கில் ஒரே தடவையில் பார்க்கிற சில்லு. ஒப்பிட ஜெர்சி, ஹோல்ஸ்டீன் மாதிரிகளும் கட்டாயம் வேண்டும்.

ஆய்வேட்டோடு போயிற்றா என்றால் இல்லை. 'சுத்த நாட்டு மாடு' என்ற இந்த முத்திரை நோய் ஆராய்ச்சிக்குள் போய்ச் சேர்கிறது. உண்ணி பரப்பும் தைலேரியா காய்ச்சல் கலப்பின மாட்டைச் சாய்க்கிற அளவுக்கு நாட்டு மாட்டைச் சாய்ப்பதில்லை. நிணநீர்க் கட்டி வீங்கி, 106 டிகிரி காய்ச்சலோடு, ரத்தம் வற்றி விழுகிறவை பெரும்பாலும் கலப்பினக் கன்றுகள். இப்போது உங்கள் 'சுத்த நாட்டு' பட்டியலில் முக்கால் ஜெர்சி மாடுகள் உட்கார்ந்திருக்கின்றன. அடுத்து வருகிறவர் அந்தப் பட்டியலை நம்பி இரண்டு கூட்டத்தையும் ஒப்பிடுவார். வித்தியாசம் தெரியாது. "நாட்டு மாட்டுக்கு எதிர்ப்புசக்தி என்பது கட்டுக்கதை" என்று எழுதுவார். 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து தயாரித்துவரும் ராணிப்பேட்டைக்கு அடுத்த ஊரிலிருந்து இப்படி ஒரு கட்டுரை போனால் எப்படி இருக்கும்?

பையன் அந்த அத்தியாயத்தைத் திருத்தினான். தலைப்பு "தாய்வழி மரபு" என்று சுருங்கியது. அது உண்மையான தலைப்பு. அதில் தவறே இல்லை.

மரம் வரைதல்

டி-லூப்பில் வரைந்த பரிணாம உறவு மரம் தாய்களின் மரம். இனத்தின் வரலாறு அல்ல. வேர் காட்ட வெளியினம் (ஒப்பிடுவதற்கான தூரத்து உறவு இனம்) ஒன்றைச் சேர்க்காவிட்டால், காட்டெருதோ யாக்கோ ஏதோ ஒன்று, எது முந்தியது என்று பேசவே கூடாது.

சிப் சொல்வதை அப்படியே நம்புவது

50 ஆயிரம் குறிப்பான் கொண்ட மாட்டு சிப்பில் உள்ளவை பெரும்பாலும் ஐரோப்பிய மாடுகளில் கண்டெடுத்த வேறுபாடுகள். அதில் நம் மாட்டைப் போட்டால் வேறுபாடு குறைவாகத்தான் தெரியும். அதைப் பார்த்து "நாட்டு மாட்டில் மரபணு வளம் குன்றிவிட்டது" என்று அழ வேண்டாம். கலப்பு எவ்வளவு என்று பார்க்க அந்த சிப் போதும், வளத்தை அளக்க அது சரிப்படாது.

நிறத்தைப் பார்த்து இனம் சொல்வது

கூடாது.

நெறிக்குழு அனுமதி

ரத்தம் எடுப்பதற்கு முன்னால். பின்னால் அல்ல.

எல்லாக் குமாரும் ஒரே குமார் அல்ல

முன்னாய்வுகளைத் தொகுக்கும்போது நடப்பது. மரபியல், பரிணாமம், கால்நடை மருத்துவம் மூன்றிலும் "குமார் எஸ்." என்று வருவதைப் பார்த்து, மூன்று துறையிலும் கொடிகட்டிய ஒரே விஞ்ஞானி என்று ஒரு பெண் பாராட்டி ஒரு பத்தி எழுதியிருந்தாள். பரிணாமக் குமார், சுதிர் குமார். தமுரா, நெய் ஆகியோருடன் சேர்ந்து 1993இல் உறவு மரம் வரைகிற மெகா மென்பொருளின் முதல் பதிப்பைக் கொண்டுவந்தவர். மரம் வரைகிற எல்லாரும் அவரை மேற்கோள் காட்டுவதால் மாட்டு நோய்க் கட்டுரைகளின் கடைசியிலும் அவர் பெயர் இருக்கும். தைலேரியா பற்றி எழுதிய குமார்கள் வேறு ஆட்கள், அவர்களிலும் பலர். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் முன்னும் பின்னும் மாறுவதால் சிக்கல் இரட்டிப்பு. ஆர்கிட் (ஆய்வாளர்களுக்கான தனி அடையாள எண்) இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் நிறுவன முகவரி, கூட எழுதியவர்கள், ஆண்டு மூன்றையும் ஒத்துப் பார்த்துவிட்டு ஆளைச் சேருங்கள்.