வெளிநாட்டில பிள்ளை பிறந்தா, ஒரு வருசத்துக்குள்ள இலங்கைப் பிரஜாவுரிமைப் பதிவை முடிச்சுப் போடுங்கோ

தம்பிக்கு சுவிஸில பிள்ளை பிறந்த நேரம் இஞ்ச யாழ்ப்பாணத்தில பேப்பர் அலுவலுக்கு ஓடித்திரிஞ்சது நான்தான். அதில தெரிஞ்சதை எழுதிறன், அங்க இருக்கிறவைக்கும் இஞ்ச அவைக்காக அலையிற அம்மா அப்பாமாருக்கும் உதவும்.

சுவிஸில பிறந்திட்டுது எண்டதுக்காக சுவிஸ் பிரஜாவுரிமை கிடைக்காது, கனடாவில எண்டா பிறந்தாலே கிடைக்கும், அது வேற. இலங்கைப் பிரஜாவுரிமையும் தானா வராது, பதிஞ்சாத்தான் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தில, பிள்ளை பிறந்து ஒரு வருசத்துக்குள்ள அந்த நாட்டில இருக்கிற இலங்கைத் தூதரகத்திலயோ கொன்சியூலர் கந்தோரிலயோ, இல்லாட்டி இலங்கையிலயோ பதியவேணும் எண்டு கிடக்கு. பிந்தினாலும் நியாயமான காரணம் காட்டிக் கேக்கலாம், ஆனா ஏன் அந்த இழுபறி.

பிள்ளை பிறக்கேக்க தாயோ தகப்பனோ ஒராள் இலங்கைப் பிரஜையா இருந்தாப் போதும். முந்தி கலியாணம் கட்டினவைக்குப் பிறந்த பிள்ளைக்கு தகப்பன் வழியா மட்டும்தான் வந்தது, 2003இல திருத்தின பிறகுதான் தாய் வழியும் சேர்ந்தது. ரெண்டு பேருமே வெளிநாட்டுப் பிரஜாவுரிமை எடுத்து, இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்காமல் விட்டிருந்தா சிக்கல்தான், இலங்கைப் பிரஜாவுரிமை அதோட போயிடும். அதால இரட்டை எடுக்கிற யோசினை இருந்தா பிள்ளை பிறக்க முதலே முடிச்சு வையுங்கோ.

தேவைப்படுறது பிள்ளையின்ர பிறப்புப் பத்திரம், தாய் தகப்பன்ர பிறப்புப் பத்திரம், கலியாணப் பதிவுப் பத்திரம், பாஸ்போட், அங்கத்த விசா. ஃபோமை அந்தக் கந்தோரின்ர வெப்சைட்டில பாத்து எடுங்கோ.

உண்மையான தலையிடி பேர்தான். தம்பியின்ர பத்திரங்களை மேசையில பக்கத்து பக்கத்தில வைச்சுப் பாக்கேக்கதான் கண்டனான், அப்பாவின்ர பேர் தர்மலிங்கம், தமிழ்ப் பத்திரம் ரெண்டிலயும் ஒண்டாத்தான் கிடக்கு, ஆனா இங்கிலீசு மொழிபெயர்ப்பில ஒண்டு ரி-யில (T) தொடங்குது மற்றது டி-யில (D) தொடங்குது! அனுப்பியிருந்தா அங்க ரெண்டு ஆள் எண்டு நினைச்சிருப்பினம். திருப்பி மொழிபெயர்ப்பிச்சு ரெண்டையும் ஒரே எழுத்தில எடுத்த பிறகுதான் அனுப்பினது. நீங்கள் மொழிபெயர்க்கக் குடுக்கேக்க பாஸ்போட் போட்டோகொப்பி ஒண்டையும் சேர்த்துக் குடுத்து, இதில இருக்கிற மாதிரியே எழுதுங்கோ எண்டு சொல்லிப்போடுங்கோ. பழைய பத்திரம் மங்கியிருந்தா பிரதேச செயலகத்தில புதுப் பிரதி எடுக்கலாம். வெளிநாட்டுக் கந்தோர் எங்கட பத்திரத்துக்கு வெளிவிவகார அமைச்சின்ர அத்தாட்சி கேட்டா கொழும்புக்கு ஓடவேண்டாம், யாழ்ப்பாணம் கச்சேரியிலயே, அதுதான் மாவட்டச் செயலகத்தில, அமைச்சின்ர கொன்சியூலர் கிளை இருக்கு.

அகதி அந்தஸ்தில இருக்கிறவை தயவுசெய்து கவனம். இலங்கைத் தூதரகத்துக்குப் போறது, இலங்கையின்ர பாதுகாப்பைத் திரும்பத் தேடினதா எடுபட்டு அங்கத்த அந்தஸ்தைப் பாதிக்கலாம், அதால முதல்ல லோயரோட கதைச்சுப்போட்டு வெளிக்கிடுங்கோ.

பதிஞ்ச சேட்டிபிக்கற் கையில வந்த உடனே, கவுண்டரை விட்டு விலக முதல், பிள்ளையின்ர பேர், பிறந்த திகதி, தாய் தகப்பன்ர பேர் எல்லாத்தையும் எழுத்தெழுத்தாப் பாருங்கோ. பிழை இருந்தா அந்த இடத்திலயே சொல்லுங்கோ, நாளைக்கு அதை வைச்சுத்தான் பிள்ளைக்கு பாஸ்போட் எடுக்கப் போறியள்.