‘கா’ என்றால் என்ன? ஒரு குறுஞ்சொல்லைப் பல மொழிகளில் தேடிப் பலகையாக்கும் முறை

சிங்கப்பூரின் தேக்கா என்ற இடப்பெயரில் இருக்கும் ‘கா’வுக்கு, சீன வட்டார மொழியான ஹொக்கியனில், கால் என்று பொருள். ‘தெக்’ மூங்கில், ‘கா’ கால், சேர்த்தால் மூங்கிலடி. பூங்காவில் இருக்கும் ‘கா’வுக்குத் தமிழில் சோலை என்று பொருள். இரண்டையும் நாம் ஒரே எழுத்தில்தான் எழுதுகிறோம். பள்ளியில் ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்கோ, ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்கோ ஒரு பலகை செய்யச் சொன்னால், நான்கு மொழியில் ‘வணக்கம்’ எழுதி ஒட்டுவதைவிட, இப்படி ஒரு குறுஞ்சொல்லை எடுத்துப் பல மொழிகளில் துரத்திப் பார்ப்பது பிள்ளைகளுக்கு நிறையக் கற்றுத்தரும். தேட இரண்டு வார இறுதிகள், எழுதி ஒட்ட ஒரு மாலை போதும்.

சொல்லைத் தேர்ந்தெடுத்தல்

ஓரெழுத்தாலேயே பொருள் தரும் சொற்கள் தமிழில் 42 என்று நன்னூல் சொல்கிறது. அவற்றில் 40 நெடில். ‘நொ’, ‘து’ இரண்டும் குறில். இந்தப் பட்டியலிலிருந்து எடுப்பதே நல்லது. மெய் ஒன்று, ‘ஆ’ ஒன்று என்று அமைந்த கா, தா, நா, பா, மா ஆகியவை இந்த வேலைக்கு மிகவும் பொருந்தும். இந்த ஒலிகள் உலக மொழிகள் பெரும்பாலானவற்றில் உண்டு. மூன்றெழுத்துச் சொல்லை எடுத்தால் மற்ற மொழியில் அதே ஒலி அகப்படுவது அரிது. பலகை பாதி காலியாக நிற்கும்.

பலரும் முதலில் ‘மா’வுக்குப் போவார்கள். கூடியவரை தவிர்த்துவிடுங்கள். ‘மா’வுக்குத் தாய் என்ற பொருள் சீனத்திலும் இந்தியிலும் வியட்நாமியத்திலும் வந்து நிற்கும். மழலை வாயில் இயல்பாக எழும் ஒலி அது. பலகையில் பாதிக் கட்டம் ஒரே பொருளைச் சொன்னால் பார்ப்பவருக்கு வியப்பும் இல்லை, பாடமும் இல்லை. ‘கா’ அப்படியில்லை. கட்டத்துக்குக் கட்டம் பொருள் மாறும். சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அதற்கு இடம் உண்டு.

ஒலியைப் பிரித்தல்

இந்த வேலையில் பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நேர்கின்றன. தமிழ் எழுத்து நமக்குப் போதும். பிற மொழி ஒலிக்குப் போதாது. நம் ‘கா’வே ஓரிடத்தில் ஒலிப்பதுபோல் மற்றோரிடத்தில் ஒலிப்பதில்லை. ‘காவடி’யில் வல்லொலி. ‘பூங்கா’வில் ‘ங்’ முன்னால் நிற்பதால் தொண்டை அதிரும் மெல்லொலி. ‘தேக்கா’வில் இரட்டித்த ஒலி. ஆகவே சொல் கிடைத்ததும் எழுதிவைத்துவிடாமல், ஒவ்வொன்றுக்கும் நான்கு சோதனை செய்யுங்கள்.

முதல் சோதனை காற்று. டிஷ்யூத் தாளில் இரண்டு செண்டிமீட்டர் அகலம், பத்து செண்டிமீட்டர் நீளத்தில் ஒரு கீற்று வெட்டி, உதட்டுக்கு நேரே நான்கு விரல் தள்ளித் தொங்கவிட்டுப் பிடியுங்கள். தமிழ்க் ‘கா’வைச் சொன்னால் தாள் அநேகமாக அசையாது. ஹொக்கியன்காரர் ‘கால்’ என்ற பொருளில் சொல்லும்போது தாள் படபடக்கும். அதே ஹொக்கியனில், அதே உயர்ந்த சமத் தொனியில் (குரலின் ஏற்ற இறக்கத்தில்), காற்று வராமல் சொன்னால் அது பசை. காலுக்கும் பசைக்கும் இடையே இருப்பது அந்த ஒரு மூச்சுதான். தேக்காவை நாம் மூச்சில்லாமல் அழுத்திச் சொல்கிறோம். அதனால்தான் ஹொக்கியன் பேசும் முதியவர் காதில் அந்தக் கால் விழுவதில்லை.

இரண்டாவது அதிர்வு. தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தால் ‘பூங்கா’ அதிரும், ‘காவடி’ உயிரெழுத்து வந்த பிறகே அதிரும். மூன்றாவது முடிவு: ‘ஆ’வுக்குப் பின்னால் மெல்லிய மூச்சோ அடைப்போ இருக்கிறதா என்று கவனியுங்கள். மலாயின் ‘காஹ்’ என்பதில் கடைசி மூச்சு உண்டு. தமிழ்க் காது அதை விழுங்கிவிடும்.

நான்காவது தொனி. இதற்கு எண் போடாதீர்கள். சீனர்களின் பொதுமொழியான மாண்டரினில் 4 தொனி, தாய்மொழியில், அதாவது தாய்லாந்தின் மொழியில், 5, வியட்நாமியத்தில் 6, இன்னொரு சீன வட்டார மொழியான கேண்டனீஸிலும் 6. ஒரு மொழியின் இரண்டாம் தொனி இன்னொன்றின் இரண்டாம் தொனி அல்ல. எண்ணுக்குப் பதிலாகக் குரல் போகும் வழியைக் கோடாக வரையுங்கள்: மேலே சமமாக, மேலேறுவதாக, தாழ்ந்து எழுவதாக, விழுவதாக. ஏழு வயதுப் பிள்ளையும் விரலால் கோட்டைத் தொடர்ந்துகொண்டே சொல்லிவிடும்.

கோப்பிக் கடையிலிருந்து தொடங்குங்கள்

அகராதிக்கு முன்னால் கடைக்குப் போங்கள். இனிப்பை அதிகமாக்கிக் கோப்பி கேட்பவர் ‘கோப்பி கா தாய்’ என்பார். இந்தக் ‘கா’ கேண்டனீஸ்; கூட்டு, சேர் என்று பொருள். மூச்சு இல்லை, ஆகவே நம் ‘கா’வுக்கு மிக நெருக்கம். பக்கத்துக் கடையில் பன்றிக்கால் விற்றால், ஹொக்கியன் பெயரின் கடைசியில் வருவது மூச்சுள்ள ‘கா’, அதே தேக்காவின் கால்.

இப்போது பெயர்ப்பலகையில் இருக்கும் சீன எழுத்தைப் பாருங்கள். காப்பிக்கும் கறிக்கும் மாண்டரினில் முதல் எழுத்து ஒன்றே. காப்பி என்று வரும்போது அதை மூச்சோடு வாசிப்பார்கள்: ‘காஃபேய்’. கறி என்று வரும்போது மூச்சில்லாமல்: தமிழ்க் காதுக்கு அது அப்படியே ‘காலி’. கறி தீர்ந்துபோனதாக நினைத்துவிட வேண்டாம்! எழுத்து ஒன்று, வாசிப்பு இரண்டு. பலகையில் இந்த ஒரு கட்டத்தைப் பெரிதாக வைக்கலாம்; கறி என்ற தமிழ்ச் சொல்தான் பல வாய் கடந்து அந்த உருவில் அங்கே உட்கார்ந்திருக்கிறது. இதே மாண்டரினில், தாழ்ந்து எழும் தொனியில், மூச்சோடு சொன்னால் ‘கா’ என்பது அட்டை.

ஆங்கிலத்தைத் தேடவே வேண்டாம். தமிழில் நாம் ‘கார்’ என்று எழுதுகிறோம். சிங்கப்பூரில் ஆங்கிலம் பேசுபவர் கடைசி ‘ர்’ஐ ஒலிப்பதில்லை. மிஞ்சுவது மூச்சோடு கூடிய ‘கா’.

மலாயில் அது தனிச்சொல் அல்ல, கேள்வி விகுதி. ‘பெத்துல்’ என்றால் சரி. ‘பெத்துல்காஹ்’ என்றால் சரிதானா. இதைக் கட்டத்தில் எழுதும்போது முன்னால் ஒரு சிறு கோடு போட்டு, ஒட்டித்தான் வரும் என்று காட்டுங்கள். ஜப்பானியத்திலும் வாக்கியக் கடைசியில் வரும் ‘க’ கேள்வியைக் குறிக்கும். தனியாக நின்றால் கொசு. இந்தியில் ‘ராம் கா’ என்றால் ராமனுடைய.

தாய்லாந்து மொழிக்கு மட்டும் ஒரு முழு மாலை ஒதுக்கலாம். மூச்சில்லாத சமத்தொனிக் ‘கா’ காகம். மூச்சுள்ளதை மேலேற்றிச் சொன்னால் கால், தாழ்ந்த குரலில் சொன்னால் அரத்தை, உயர்ந்த குரலில் சொன்னால் வணிகம் செய்தல், விழவைத்துச் சொன்னால் மதிப்பு. ‘தொம் கா’ சூப்பில் இருக்கும் ‘கா’ தேங்காய்ப்பாலோ கோழியோ அல்ல, அந்த அரத்தைதான். சந்தையில் லெங்குவாஸ் என்ற மலாய்ப் பெயரில் கேட்டு வாங்குவது. ஒன்றை மறக்காதீர்கள்: மதிப்பைக் குறிக்கும் அதே விழும் தொனிக்குக் கொல்லுதல் என்ற பொருளும் உண்டு. சிறுவர் பலகையில் மதிப்போடு நிறுத்திக்கொள்ளலாம். வியட்நாமியத்தில் ஏறும் தொனியில் மீன், இறங்கும் தொனியில் கத்தரிக்காய்.

தமிழ்க் கட்டத்தை வெறும் ‘சோலை’ என்று முடித்துவிட வேண்டாம். ‘எங்களைக் கா’ என்று வேண்டும்போது அது வினை. இரு முனையிலும் சுமையைத் தொங்கவிட்டுத் தோளில் தூக்கும் தண்டுக்கும் ‘கா’ என்று பெயர். தைப்பூசக் காவடிப் படத்தை அருகே ஒட்டினால் உடனே புரியும். பிள்ளைகள் ‘எனக்கா?’ என்பதையும் கொண்டுவருவார்கள். அது ‘எனக்கு’ என்பதோடு வினா ‘ஆ’ சேர்ந்தது. அதில் ‘கா’ என்ற சொல்லே இல்லை. சொல்லை எங்கே வெட்ட வேண்டும் என்பதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது, ஆகவே திட்டாமல் பலகையின் ஓரத்தில் குறுக்குக்கோடு போட்டு அடித்த சொல்லாகவே வைத்துவிடுங்கள்.

கேட்கும் விதம்

அண்டை வீட்டாரிடம் போய், ‘ஆன்ட்டி, கா என்றால் என்ன?’ என்று கேட்டால் பெரும்பாலும் விழிப்பார். நீங்கள் சொன்ன ஒலி அவர் மொழியில் எந்தச் சொல்லுமாக இருக்காது. கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். காலைக் காட்டி, ‘இதை ஹொக்கியனில் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். பொருளிலிருந்து ஒலிக்குப் போனால் விடை சரியாக வரும். அனுமதி பெற்றுத் தொலைபேசியில் பதிவு செய்து, ஒரே சொல்லை மூன்று முறை சொல்லச் சொல்லுங்கள். முதல் முறை பலரும் உங்களுக்காக மெதுவாக, தொனியை இழுத்துச் சொல்வார்கள். மூன்றாவது முறைதான் இயல்பாக இருக்கும். பிறகு அந்தச் சொல் வரும் ஒரு சிறு வாக்கியமும் கேட்டு வாங்குங்கள்.

ஹொக்கியனையும் கேண்டனீஸையும் பிள்ளைகளின் சீன நண்பர்களிடம் கேட்பதைவிட அவர்களுடைய தாத்தா பாட்டியிடம் கேட்பது நல்லது. 1979ல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கத்துக்குப் பின் வளர்ந்த பலருக்கு வட்டார மொழி அரைகுறை. தேக்காவே இதற்குச் சாட்சி. அந்தப் பெயரின் இரு எழுத்துகளையும் மாண்டரினில் வாசித்தால் ‘ஜூஜியாவ்’; ‘கா’ மறைந்துவிடும். 1980களில் அங்குள்ள சந்தைக் கட்டடத்துக்கு ‘ஜூஜியாவ்’ என்ற பெயரே இருந்தது, 2000ல்தான் தேக்கா என்று திரும்பியது. ஆகவே ‘சீனம்’ என்று ஒரே தலைப்பில் மூன்றையும் போட்டுக் குழப்பாதீர்கள். மாண்டரின், ஹொக்கியன், கேண்டனீஸ் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.

ஒவ்வொரு மொழிக்கும் இருவரிடம் கேளுங்கள், ஒருவரையொருவர் கேட்காதபடி. இரண்டு விடையும் ஒத்தால் எழுதலாம். அந்தச் சொல்லோடு வேறு சொல் ஒட்டினால் கொச்சையாகுமா என்பதையும் மெதுவாகக் கேட்டு வையுங்கள். ஹொக்கியன் ‘கா’வில் தொடங்கும் ஒரு கூட்டுச்சொல் பின்புறத்தைக் குறிக்கும், தெரியாமல் படத்தோடு ஒட்டினால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

அம்புக்குறி போடும் ஆசை

தாய்லாந்து மொழியிலும் ஹொக்கியனிலும் ‘கா’ கால்; மலாயிலும் ஜப்பானியத்திலும் கேள்வி. பார்த்தவுடன் கோடு இழுத்துச் சேர்க்கத் தோன்றும். வேண்டாம். இவ்வளவு சிறிய சொல் தற்செயலாகவே ஒத்துப்போகும். காகத்தின் பெயர் பல மொழிகளில் ‘கா’வென்று தொடங்குவது காகம் அப்படிக் கரைவதால், ஒரு மொழி மற்றொன்றிடம் வாங்கியதாக அதற்குப் பொருளில்லை. கறி போல, வாங்கிய வழி நன்றாகத் தெரிந்தால் மட்டும் கோடு போடுங்கள். மற்றவை அருகருகே இருக்கட்டும், அதுவே போதிய அழகு.

பலகை

ஏ3 தாளைப் படுக்கை வாட்டில் வைத்து ஒன்பது கட்டமாகப் பிரியுங்கள்: மேல் வரிசையில் தமிழ், மலாய், மாண்டரின், நடுவில் ஆங்கிலம், ஹொக்கியன், கேண்டனீஸ், கீழே தாய்லாந்து மொழி, வியட்நாமியம், ஜப்பானியம். இந்தியைச் சேர்த்தால் ஒன்றை விட வேண்டிவரும். பத்தாவது கட்டத்தைத் திணித்தால் எழுத்து சிறுத்துவிடும். கட்டத்தின் நடுவே அந்தந்த மொழியின் சொந்த எழுத்து, நான்கு செண்டிமீட்டர் உயரத்தில். அதற்குக் கீழே தமிழில் ஒலி, மூச்சிருந்தால் சிறு காற்றுச் சுழி, தொனிக்கோடு. கடைசி வரியில் பொருள், ஒரு செண்டிமீட்டர் எழுத்தில். இரண்டு மீட்டர் தள்ளி நின்று வாசித்துப் பாருங்கள்.

பிற மொழி எழுத்தைக் கணினியில் நகல் எடுத்து ஒட்டினால் எழுத்துரு உடைந்து, தாய்லாந்து எழுத்தின் மேல் நிற்கும் தொனிக்குறி நகர்ந்துவிடுவதுண்டு. அச்சிட்ட பிறகு அந்த மொழிக்காரரிடமே ஒருமுறை காட்டிவிடுங்கள். பலகையின் அடியில் டிஷ்யூக் கீற்றுகள் பத்துப் பதினைந்தை ஓர் உறையில் போட்டுத் தொங்கவிடுங்கள், ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளும்படி. பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்தால் போதும்: ‘தாள் பறக்காமல் பசை சொல்லுங்கள், பறக்கவைத்துக் கால் சொல்லுங்கள்.’