1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளியாக நடிக்க வருபவர்களுக்கு

மலேசியாவின் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் 1941-இல் நடத்திய வேலைநிறுத்தத்தை நாங்கள் கோலாலம்பூரில் நடித்துக் காட்டுகிறோம். புதிதாக வருபவர்கள் முதலில் உடையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் முதலில் கையில் கொடுப்பது சைக்கிளை.

துரை, அதாவது தோட்டத்து வெள்ளைக்கார நிர்வாகி, எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்பது அன்றைய தோட்டத்து வழக்கம். இனி இறங்க மாட்டோம் என்பதும் கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் வைத்த கோரிக்கை. அதனால் இந்த ஒரு அசைவுக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குவேன். நடுவே கம்பி வைத்த பழைய ஆண்கள் சைக்கிளாகத் தேடுங்கள். துரையைத் தூரத்தில் பார்த்ததுமே மிதிப்பதை நிறுத்தி, சக்கரம் ஓடும்போதே காலைப் பின்பக்கமாகச் சுழற்றி இறங்குங்கள். தினமும் செய்து பழகிய உடம்பு யோசிக்காது. கூனிக் குறுகி நடுங்கிக் காட்டவே வேண்டாம், அவர்கள் போராடியவர்கள். துரை கடந்து போனதும் உடனே ஏறாமல் சற்று தூரம் தள்ளிக்கொண்டு நடங்கள். பார்ப்பவர்களுக்கு அது போதும்.

அப்புறம் பால்வெட்டு, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரியும். உளி பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும். கை இழுக்க இழுக்கக் காலும் மரத்தைச் சுற்றி நகரும், இதைப் பலர் கவனிப்பதில்லை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் விடியுமுன்பே வேலை தொடங்கும். ஆக, நிதானமாக வெட்டுபவர் பால்வெட்டுக்காரர் இல்லை. முதல் நாள் வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டிய கோட்டுப்பாலை உரிப்பது, பால் பிடிக்கும் கிண்ணமான மங்கைத் துடைப்பது எல்லாம் வேகமாக நடக்கும். வீட்டில் பால்மரம் வெட்டிய பாட்டி இருந்தால் விளக்கம் கேட்காதீர்கள். ஒரு கரண்டியைக் கையில் கொடுத்து வெட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

உடைக்குக் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதிக் கடைகளில் பருத்தித் துணி கிடைக்கும். பாலியஸ்டர் வேண்டாம், அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது.

போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச்.நாதன் கைதானதும் தொழிலாளர்கள் திரண்டார்கள். பிறகு ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதை நாங்கள் நடிப்பதில்லை. இறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கூட்டத்தில் இருக்கலாம். ஒருவர் நடந்ததைச் சொல்வார், அவ்வளவுதான்.

முடிந்ததும் கேள்விகள் வரும். நாதன் என்ன ஆனார்? நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர்கள் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்களா? ஆமாம், சொன்னார்கள். இவற்றைப் படித்துவிட்டு ஒத்திகைக்கு வாருங்கள்.