நோயாளி நாய்கள் நாலைந்தை வீட்டில் வைத்துப் பார்க்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேவிபட்டினத்திலிருந்து தனுஷ்கோடி வரை எந்தக் கடலோர ஊருக்குப் போனாலும், வலை காயப்போடும் இடத்திலோ மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் பின்னாலோ அடிபட்டதும் சொறி பிடித்ததுமாக நாய்கள் கிடக்கும். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து குணமாக்கி, நல்ல இடம் கிடைத்ததும் கொடுத்துவிடுகிறவர்களுக்காக இது. ஒரே நாய் இருக்கும்போது சின்னத் தவறுகள் பெரிதாக உறைக்காது. நாலைந்து சேர்ந்துவிட்டால் அப்படி இல்லை. வந்த நோயைத் தாங்கிப் பிழைத்த நாய், பக்கத்து நாயிடமிருந்து ஒட்டிய நோயாலோ மாறிப்போன மருந்தாலோ செத்துப்போகும். இந்தச் சாவுகள் தடுக்கக்கூடியவை.

முதல் தவறு, புதிதாக வந்த நாயை அன்றைக்கே மற்றவற்றோடு விடுவது. நாய்க்கு நாய் தொற்றி உயிரை வாங்கும் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்கள் உடம்பில் இருந்தாலும் சில நாள் வெளியே தெரியாது. குறைந்தது 14 நாள் தனி அறை வேண்டும். அதற்கென்று தனிச் செருப்பு, தனித் துடைப்பம், தனிக் கிண்ணம் வையுங்கள். தடுப்பூசி போடாத குட்டிகளை முதலில் கவனித்து, மற்ற நாய்களை அடுத்துப் பார்த்து, தனி அறைக்குக் கடைசியாகப் போங்கள். வரிசை தலைகீழானால் கிருமியைச் சுமந்து போவது நீங்கள்தான்.

பார்வோ கிருமி ஃபினாயிலுக்கும் டெட்டாலுக்கும் சாகாது. வாசனை வந்ததும் தரை சுத்தமாகிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். பிளீச்சிங் பவுடர்தான் வேலை செய்யும். அதையும் கோலப்பொடி மாதிரி உலர்வாகத் தூவிப் பயனில்லை, நாயின் பாதம்தான் வெந்துபோகும். முதலில் மலம், வாந்தியை வாரி எடுத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே வீணாகிவிடும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் பவுடர் கரைத்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே விட்டு, கழுவிக் காயவிட்டபின் நாயை விடுங்கள். கரைசலை அன்றன்று கலக்க வேண்டும். கடல்காற்றின் ஈரத்தில் திறந்துவைத்த பவுடர் சீக்கிரம் வீரியம் இழக்கும், எனவே காற்றுப் புகாத டப்பா அவசியம். கழிப்பறை ஆசிட்டோடு கலந்துவிடாதீர்கள், நச்சுவாயு கிளம்பும்.

நம் பக்கத்து மணல் முற்றத்தை இப்படிச் சுத்தம் செய்யவே முடியாது. ஆகவே தனி அறைக்குச் சிமெண்ட் தரைதான் சரி. பார்வோ நாய் உலாவிய மணலில், தடுப்பூசி முடியாத குட்டியை ஒரு வருடத்துக்கு விடாதீர்கள்.

உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் பெரும்பாலும் 28 நாள் எழுதிக்கொடுப்பார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டு நாய் வாலாட்டிச் சாப்பிடும், மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். கிருமி உள்ளேயே தங்கி, பின்னால் இரத்தம் குறைந்து, மூக்கில் ரத்தம் வடிகிற நிலையில் திரும்பி வரும். மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுத்துத் தண்ணீர் குடிக்கவிடுங்கள், தொண்டையில் ஒட்டினால் புண்ணாகும். பாலில் கலக்க வேண்டாம். உண்ணி மருந்தை ஒரு நாய்க்கு மட்டும் போடுவதும் வீண். பெண் உண்ணி இறங்கிப்போய்ச் சுவர் வெடிப்பிலும் கூரை ஓலையிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எல்லா நாய்க்கும் ஒரே நாளில் போட வேண்டும். மாட்டுக்கு வாங்கிய மருந்தைக் கண்ணளவில் கலந்து குளிப்பாட்டினால் நாய்க்கு நடுக்கமும் எச்சில் ஒழுக்கும் வரும்.

மருந்தின் அளவு நாயின் எடையைப் பொறுத்தது. நாயைத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறி, கழித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை போதும். சுவரில் ஒரு தாள் ஒட்டி நாயின் பெயர், எடை, மருந்து எத்தனை மில்லிகிராம், நேரம், கொடுத்தவர் யார் என்று எழுதுங்கள். அம்மா காலையில் கொடுத்ததை மகன் மறுபடி கொடுப்பது இப்படித்தான் நிற்கும். சிரப்பில் மில்லி மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். ஒரே மருந்து 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்றும் 250 என்றும் இரண்டு விதமாக விற்கிறது.

சர்க்கரை நோய் நாய்க்குப் போடும் இன்சுலினில் இந்த அளவுக் குழப்பம் உயிரோடு விளையாடுவது. சிவப்பு மூடி சிரிஞ்சு ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பிக்கு, ஆரஞ்சு மூடி ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள குப்பிக்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். நாய் சாப்பிடவில்லை என்றால் ஊசிக்கு முன் டாக்டரைக் கேளுங்கள். வலிக்கிறதே என்று நம் வீட்டு பாராசிட்டமால், புரூஃபென், டைக்ளோஃபினாக் எதையும் கொடுக்காதீர்கள். வலிப்பு மாத்திரையை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் கொடுக்க வேண்டும், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் போக்குவரத்து நின்றுபோகும், இரண்டு வார மாத்திரை கையிருப்பு இருக்கட்டும்.

இடுப்புக்குக் கீழே செயலிழந்த நாய் சொட்டுச் சொட்டாக ஒழுகினால் சிறுநீர் போகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். பல நேரம் சிறுநீர்ப்பை நிரம்பி வழிவதுதான் அது. ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றை இருபுறமும் மெதுவாக அழுத்தி வெளியேற்ற வேண்டும். அந்த முறையை டாக்டர் முன்னால் கைவைத்துப் பழகுங்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். புண்ணில் புழு வைத்தால் பெட்ரோலோ அந்துருண்டைப் பொடியோ போடாதீர்கள், இரண்டும் விஷம்.

கரையில் ஒதுக்கி எறியும் பேத்தை மீனை (உடம்பை உப்பிக்கொள்ளும் விஷ மீன்) நாய் கடித்தால் அதன் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. வேகவைத்தாலும் காயவைத்தாலும் அந்த விஷம் போகாது. கால் தள்ளாடினால் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தூண்டில் நூல் வாயில் தொங்கினால் இழுக்கவும் வேண்டாம், ஒட்ட வெட்டவும் வேண்டாம். கழுத்துப்பட்டையில் கட்டி அப்படியே டாக்டரிடம் கொண்டுபோங்கள். சிறுநீரகமும் இதயமும் பழுதான நாய்க்குக் கருவாட்டுத் தலை கூடாது, உப்புக் கிணற்றுத் தண்ணீரும் கூடாது.

இன்னொன்று, மனித உயிரையே வாங்கும் தவறு. தாடை தொங்கி எச்சில் ஒழுகும் நாயைப் பார்த்து, எலும்பு சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் கைவிடுவது. அது வெறிநோயாக இருக்கலாம். இந்த வேலையில் இருக்கும் ஒவ்வொருவரும் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நாயை 10 நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்க வேண்டாம். முதல் ஊசியை உடனே போட்டுக்கொண்டு, அதன்பிறகு நாயைக் கவனியுங்கள்.