ஊரின் முதல் பிரச்சினை எது? கணிப்பு எடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘சேலம் மாவட்டத்தின் தலையாய பிரச்சினை எது?’ ஒரே கேள்விதானே என்று தோன்றும். தவறு பெரும்பாலும் அந்தக் கேள்வியிலேயே ஆரம்பித்துவிடும்.

விலைவாசி, வேலை, குடிநீர், சாலை என நாலைப் போட்டு ‘ஒன்றை டிக் செய்யுங்கள்’ என்று படிவத்தை நீட்டாதீர்கள். அமெரிக்காவில் ஹோவர்ட் ஷூமன், ஜாக்குலின் ஸ்காட் இருவரும் 1987-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சரியான சான்று. பட்டியல் இல்லாமல் கேட்டபோது எரிபொருள் தட்டுப்பாடு, பள்ளிகளின் தரம், கருக்கலைப்பு, மாசு நான்கையும் சேர்த்தே 2.4 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். அதே நான்கைப் பட்டியலாகக் கொடுத்ததும் 60 சதவீதம் பேர் அதிலிருந்தே ஒன்றை எடுத்தார்கள். வேறு எதையும் சொல்லலாம் என்று அனுமதித்திருந்தும்! ஆகவே முதலில் வெறுமனே கேளுங்கள். பட்டியல் அவசியமென்றால் அதற்குப் பிறகு, ஆளுக்கு ஆள் வரிசையை மாற்றிக் காட்டுங்கள்.

சொன்ன பதிலை அப்படியே எழுதுங்கள். ‘ரோடு சரியில்லை’ என்பது சேலம் நகரின் ‘ஐந்து ரோடு’ சந்திப்பில் டிராஃபிக்; சேர்வராயன் மலையின் உள்கிராமத்தில், பிரசவ வலி வந்தவரை ஏற்றிக்கொள்ள வண்டி வராதது. இரண்டையும் ‘சாலை’ என்ற ஒரே கட்டத்தில் அடைத்துவிட்டால் பின்னால் பிரிக்கவே முடியாது. கூடவே ‘எந்த ரோடு, என்ன குறை?’ என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்து ஆள் தேர்வு. 2011 கணக்கெடுப்புப்படி மாவட்டத்தில் சுமார் 34.8 லட்சம் பேர். சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு வட்டத்தின் பங்கு நூற்றுக்கு ஒன்று சொச்சம். மாவட்டம் முழுக்க 400 பேரைக் கேட்டால் மலையிலிருந்து ஐந்து பேர் வருவார்கள். அந்த ஐந்தை வைத்து மலையைப் பற்றி எதுவும் பேசக் கூடாது. அங்கே தனியாக 100 பேரைக் கேட்டு, மாவட்டக் கூட்டலில் மட்டும் அவர்கள் பதில்களின் மதிப்பை மக்கள்தொகைப் பங்குக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளலாம். அப்போதும் மலைக்கான பிழை வரம்பு, அதாவது கணிப்பு எண் உண்மை நிலையிலிருந்து விலகக்கூடிய அளவு, ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளி.

காலை பதினோரு மணிக்குக் கதவைத் தட்டாதீர்கள். காபி எஸ்டேட் ஆட்கள் தோட்டத்தில் இருப்பார்கள், விசைத்தறியில் நைட் ஷிஃப்ட் முடித்தவர் தூங்குவார். பூட்டிய வீட்டை விட்டு அடுத்த வீட்டுக்குத் தாவுவது இன்னும் மோசம். மாலையிலும் ஞாயிறன்றும் மறுபடி போங்கள்.

400 பேர் கணிப்பில் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 5 புள்ளி. இரண்டு பிரச்சினைகளுக்கு 22 சதவீதமும் 19 சதவீதமும் வந்தால் முதலிடம், இரண்டாமிடம் என்று தலைப்புப் போடுவது வீம்பு.

பெரும்பாலோர் வாயில் முதலில் வருவது அந்த வாரச் செய்தியில் அடிபட்டதாகவே இருக்கும். அதனால் ‘மாவட்டத்துக்கு எது முக்கியம்’, ‘போன மாதம் உங்கள் வீட்டை எது பாதித்தது’, ‘எத்தனை நாள் வேலை, எவ்வளவு பணம் போனது’ என மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். சிலரை மட்டும், ஆனால் கடுமையாகத் தாக்கும் பிரச்சினை முதல் கேள்வியில் தலைகாட்டவே காட்டாது; மூன்றாவதில்தான் சிக்கும்.